பயாஃப்ராவின் சிறு விமானங்கள்

மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஜெட் போர் விமானங்களுக்கு எதிரே, 100 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட சிறு விமானம் உயிர் தப்ப இயலுமா? காகிதத்தில் போட்ட கணக்கு இயலாது என்றே சொல்லும். ஆயினும் 1969-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்காவில் அது நிகழ்ந்தது. நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் விமான நிலையத்தின் மீது, மரங்களின் உச்சியை உரசுவது போல் ஐந்து சிறு விமானங்கள் வந்தன, ராக்கெட்டுகளை ஏவின, வந்த வழியே மறைந்தன. அடுத்த சில நாள்களில் பெனின், எனுகு ஆகிய நிலையங்களும் உகெல்லி மின் நிலையமும் அவ்வாறே தாக்கப்பட்டன. மிக்-17 ஜெட்டுகளை வைத்திருந்த நாட்டின் படை, அத்தாக்குதல்களில் அந்த ஐந்தில் ஒன்றையும் வீழ்த்தவில்லை.

பயாஃப்ரா என்ற பெயர் நம் வாசகருள் மூத்தோர்க்கு நினைவிருக்கும். 1967 மே 30-இல் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி அப்பெயரில் தனிநாடாகத் தன்னை அறிவித்தது. அங்கு வாழ்ந்த இக்போ மக்களுள் கத்தோலிக்கர் பெருந்தொகையினர்; அயர்லாந்திலிருந்து சென்ற தூய ஆவி சபைக் குருக்கள் பல்லாண்டுகள் உழைத்த மண் அது. ஜூலையில் போர் மூண்டது. மறு ஆண்டு துறைமுகமும் கைவிட்டுப் போகவே, முற்றுகைக்குள் பட்டினி புகுந்தது. வயிறு உப்பி, தலைமயிர் செம்பட்டையான குழந்தைகளின் படங்களை உலகம் கண்டது அப்போதுதான்.

காரித்தாசும் புரோட்டஸ்டாண்டு சபைகளும் கைகோத்து, சாவோ தோமே தீவிலிருந்து இரவோடு இரவாக உணவு கொண்டு சென்றன. இறங்கிய இடம் ஊலி; உண்மையில் அது அகலப்படுத்தப்பட்ட ஒரு நெடுஞ்சாலை. விமானம் நெருங்கும் சில நொடிகளுக்கு மட்டும் விளக்குகள் எரியும். சக்கரம் தரையைத் தொட்டதும் அணையும். நைஜீரியாவின் மிக்-17 விமானங்களில் ராடார் இல்லை. விமானி தன் கண்ணையே நம்ப வேண்டும். ஆகவே இருட்டுதான் உணவு விமானங்களுக்குக் கவசம். ஊலியின் மேல் இரவில் குண்டு போட வந்ததும் ஜெட் அன்று. பழைய போக்குவரத்து விமானமே.

இந்த இடத்தில் வருகிறார் சுவீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்தாஃப் ஃபான் ரோசன். 1935-இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது செஞ்சிலுவைச் சங்கத்துக்காக அங்கே பறந்தவர். 1968 ஆகஸ்டில், தடைப்பட்டிருந்த வான்வழியைத் திறக்க, உணவு ஏற்றிய பெரிய டி.சி.-7 விமானத்தை மர உயரத்தில் ஓட்டி ஊலியில் இறக்கியவரும் அவரே. குண்டுவீச்சு தொடரும்வரை உணவு மட்டும் போதாது என்ற முடிவுக்குப் பின்னர் அவர் வந்தார். சுவீடனில் தயாரான எம்.எஃப்.ஐ.-9 என்னும் இரட்டை இருக்கை விமானங்கள் ஐந்து வாங்கப்பட்டு, கபோன் நாட்டில் பச்சை வண்ணம் பூசப்பட்டன. இறக்கைக்கு ஆறாக ஆளுக்குப் பன்னிரண்டு ராக்கெட்டுகள். எரிபொருளும் ஆளும் ஏறியும் முக்கால் டன்னை எட்டாத எடை. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

இவை தப்பியது எவ்வாறு? முதற்காரணம் கண்ணுக்குப் படாமை. காட்டின் பச்சைக்கு மேலே பச்சை விமானம்; மேலிருந்து நோக்கும் ஜெட் விமானி அதனைத் தேடுவது வயலில் வெட்டுக்கிளியைத் தேடுவது போலாகும். அடுத்தது வேகத்தின் இயல்பு. சம அளவு அழுத்தத்தைத் தாங்கித் திரும்பும் இரு விமானங்களுள், மூன்று மடங்கு விரைவானது ஒன்பது மடங்கு பெரிய வட்டம் போட்டாக வேண்டும். ஜெட் குறிபார்ப்பதற்குள் சிறு விமானம் விலகிவிடும். துரத்துபவர் வேகத்தைக் குறைத்தாலோ, இறக்கை காற்றைத் தாங்கும் ஆற்றலை இழக்கும். கொரியப் போரில், மரமும் துணியும் கொண்டு செய்யப்பட்ட போ-2 என்ற பழைய ரஷ்ய விமானத்தை இரவில் துரத்திய அமெரிக்க ஜெட் ஒன்று, 1953-இல் அவ்வாறு வேகம் தணித்தே விழுந்தது.

எனினும் இவையெல்லாம் தப்பும் வழிகளே. எதிர்நின்று பொருதிச் சிறு விமானம் ஜெட்டை வென்றதாகப் பயாஃப்ராவில் யாரும் கூற இயலாது. ஐவரும் குறிவைத்தது தரையில் உறங்கிய விமானங்களை. அழிந்தவை எத்தனை என்பதில் இரு தரப்புக் கணக்கும் வேறு வேறு. தாவீது கோலியாத்தை வீழ்த்தியதற்கு இதனை ஒப்பிடுவோர் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. கோலியாத்து கவசம் பூண்டு களத்தில் நின்றான். பாசறையில் உறங்கிய ஒலோபெர்னை அணுகிய யூதித்தின் கதையே இதற்கு நெருக்கம். பின்னர் இச்சிறு விமானங்களுள் சிலவும் தரையில் நின்றவாறே அழிக்கப்பட்டன.

முதல் தாக்குதல் நடந்து பதினான்கு நாள்கள் கழிந்தன. ஜூன் 5-ஆம் நாள், செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு விமானம் ஒன்று முழு இருள் சூழும் முன்பே நைஜீரிய வானுக்குள் நுழைந்தது. அதுவும் டி.சி.-7 வகையே. மிக்-17 ஒன்று அதனைச் சுட்டு வீழ்த்தியது. நால்வர் மாண்டனர். அந்தப் பெரிய விமானத்தால் மரங்களுக்கிடையே ஒளிய முடியாது. வளைந்து நழுவ முடியாது. இருளும் அன்று துணை நிற்கவில்லை.

அவமானமுற்ற விமானப்படை பழிதீர்த்ததா? இரண்டு நிகழ்ச்சிகளையும் நேராக முடிச்சிட்டுக் காட்டச் சான்று போதாது. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. நேற்றுவரை உணவு கொண்டுவந்தவராக உலகம் அறிந்த மனிதர் இன்று ராக்கெட்டோடு வந்தார். அதன்பின், வருகிற விமானம் மாவு மூட்டை கொண்டு வருகிறதா, படைக்கலம் கொண்டு வருகிறதா என்ற ஐயத்தை எழுப்புவது எதிரிக்கு எளிதாயிற்று. ஃபான் ரோசனின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஐயத்தின் விலையை அவர் செலுத்தவில்லை என்பதே என் மனத்தில் உறுத்துகிறது.

செஞ்சிலுவைச் சங்கத்தின் வான்வழி அத்தோடு முடங்கியது. திருச்சபைகளின் விமானங்கள் சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் இருளில் புறப்பட்டன. ஜூலை இறுதியில் உகாண்டாவுக்குச் சென்ற திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் சமாதானத்துக்கு முயன்றார், பலன் கிட்டவில்லை. 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடையும்வரை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை பறந்து, ஏறத்தாழ 60,000 டன் பொருள்களைத் திருச்சபைகள் கொண்டு சேர்த்தன.

1974-இல் எத்தியோப்பியாவில் பஞ்சம். சாலையற்ற மலையூர்களுக்கு உணவு சேர்க்க ஃபான் ரோசன் மறுபடியும் சிறு விமானங்களைக் கொண்டுவந்தார், எம்.எஃப்.ஐ.-9-இன் வழிவந்த எம்.எஃப்.ஐ.-17 அது. இறக்கைகளின் அடியில் இம்முறை தொங்கியவை தானிய மூட்டைகள். தாழப் பறந்து வயல்களில் அவற்றைப் போட்டார்கள். 1977 ஜூலையில் எத்தியோப்பியாவின் கோடே என்ற ஊரில், சோமாலியப் படையினரின் தாக்குதலில், தரையில் இருந்தபோது அவர் கொல்லப்பட்டார்.