அசட்டுப் பட்டங்கள்

ஹைஸ்கூலில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் தமிழில் திட்டவே மாட்டார். மடையன், மண்டு என்பவற்றையெல்லாம் கணக்கு வாத்தியாருக்கு விட்டுவிட்டார். எழுத்துப் பிழைக்கு 'ஃபூல்', இலக்கணப் பிழைக்கு 'இடியட்' என்பது அவர் கணக்கு. எங்களுக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. வீட்டில் தினமும் வாங்கும் 'அசடே'யைக் காட்டிலும் 'இடியட்' கொஞ்சம் கௌரவமாகவே பட்டது. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த வசவல்லவா!

வெகு நாள் கழித்து, ஒரு கதையில் வெள்ளைக்காரர் ஒருவரைத் திட்ட வைக்க வேண்டியிருந்தபோதுதான் இந்தச் சொற்களின் பூர்வோத்தரத்தைத் தேடி அகராதியைப் பிரித்தேன். அன்று கதை நகரவில்லை.

இங்கிலீஷில் முட்டாளைக் குறிக்கும் சொற்களில் பல, பிறந்தபோது முட்டாளைக் குறித்தவையே அல்ல. 'ஃபூல்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்குத் துருத்தி என்று பொருள். உள்ளே வெறும் காற்று! 'ஸில்லி' ஒரு காலத்தில் பாக்கியசாலியைக் குறித்தது. பாக்கியசாலி கபடமற்றவனாகி, கபடமற்றவன் பரிதாபத்துக்குரியவனாகி, கடைசியில் அசடாகி நின்றான். 'நைஸ்' இதற்கு நேர் எதிராக நடந்த சொல். ஒன்றும் அறியாதவன் என்று புறப்பட்டு இன்று நல்ல பெயர் எடுத்திருக்கிறது. 'டன்ஸ்' என்ற வசவோ ஒரு மகா பண்டிதரின் பெயர். 1308-இல் கொலோன் நகரில் காலமான ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ், தர்க்க நுட்பத்துக்காகப் பட்டம் பெற்றவர். இருநூறு வருஷங்களுக்குப் பின் புதிய கல்வியைக் கொண்டாடியவர்கள், பழைய பாடத்தை விடாத அவருடைய வழியினரைக் கேலி செய்யப் போக, குருவின் பெயரே மண்டூகத்தின் பெயராயிற்று.

'இடியட்' கிரேக்கர்களிடமிருந்து வந்தது. ஊர்ப் பொதுக்காரியத்தில் பதவி எதுவும் வகிக்காமல் தன் வீட்டுக் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதே அதன் பொருள். (அந்தக் கணக்கில் நானும், இதைப் படிக்கும் தங்களில் பெரும்பாலோரும் இடியட்தான்.) இங்கிலாந்தில் அது சட்டப் புத்தகத்துக்குள் புகுந்தது. பிறவியிலேயே புத்தியில்லாதவன் இடியட். அவனுடைய நிலம் ராஜாவின் பொறுப்பு. அவனுக்குச் சோறு துணி போக மிச்ச வருமானம் அரண்மனைக்கு. இருபது காசு எண்ணத் தெரியாதவன், தாய் தகப்பன் யார் என்றோ தன் வயது என்ன என்றோ சொல்லத் தெரியாதவன் இடியட் என்று 1534-இல் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற நீதிபதி எழுதிவைத்தார். ராஜா இந்தப் பொறுப்பைப் பிரபுக்களுக்கும் தானம் செய்வதுண்டு. அதனால், 'இன்னாரை முட்டாளென்று கேட்டு வாங்குவது' என்றே இங்கிலீஷில் ஒரு வழக்கு ஏற்பட்டுவிட்டது! ஆனால் ஜூரிகள் இளகிய மனசுக்காரர்கள். பிறவி இடியட் என்று தீர்ப்புச் சொன்னால் சொத்தின் பலன் கைமாறிவிடுமே என்று, நடுவில் புத்தி பேதலித்தவன் என்று சொல்லிவிடுவார்களாம். அப்படியானால் மிச்சப் பணம் அவனுக்கே சேரும்.

இதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் படித்தேன்.

1910-இல் அமெரிக்காவில் ஹென்றி காடார்டு என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு புதிய சொல்லைச் செய்தார். நியூ ஜெர்ஸியில் வைன்லண்டு என்ற ஊரில், மந்தபுத்திக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். வளர்ந்தும் மனசால் இரண்டு வயசைத் தாண்டாதவன் இடியட். மூன்று முதல் ஏழு வரை இம்பெஸைல். எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவனுக்குப் பெயர் இல்லாதிருந்தது. மந்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து 'மோரான்' என்று நாமகரணம் செய்தார். நான் பார்த்த சொற்களில் முட்டாளுக்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டது இது ஒன்றுதான். எங்கள் வாத்தியார் ஏனோ இதை உபயோகித்ததில்லை.

வர்ஜீனியாவில் காரி பக் என்ற பெண் ஒரு குடும்பத்தில் வளர்ந்து வந்தாள். ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகத் தேறியவள். பதினேழு வயசில் அந்தக் குடும்பத்து உறவினன் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்தான். கர்ப்பமானாள். வீட்டார் மானத்துக்கு அஞ்சி, 1924-இல் அவளை மந்தபுத்திக்காரர்களின் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைப் பெற்றவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். காரி ஒரு 'மோரான்' என்று முடிவாயிற்று. அப்படிப்பட்டவர்களை ஆபரேஷன் செய்து மலடாக்கலாம் என்று அந்த வருஷம்தான் அங்கே சட்டம் வந்திருந்தது. அவளுடைய குழந்தை விவியனுக்குச் சுமார் ஏழு மாசம். அதன் பார்வையில் ஏதோ சரியில்லை என்று சமூக சேவகி ஒருத்தி சாட்சி சொன்னாள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1927 மே 2-ஆம் தேதி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் காரிக்கு விரோதமாகத் தீர்ப்பாயிற்று. எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். எண்பத்தாறு வயசு, மகா மேதை என்று பெயரெடுத்தவர். மூன்று தலைமுறை இம்பெஸைல்கள் போதும் என்று எழுதிவிட்டார். காரியின் பெயரோடு ஒட்டியிருந்த பட்டம் 'மோரான்'. நீதிபதியின் பேனா அவளை ஒரு படி கீழே இறக்கியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. பிறகு அவள் தங்கைக்கும் நடந்தது. அவளிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்காகப் பல வருஷங்கள் ஏங்கியிருந்துவிட்டு, கிழவியான பிறகுதான் உண்மையைத் தெரிந்துகொண்டாள்.

மோரான்களைப் பழக்கிவிட்டால் உலகத்தில் வாழ்ந்துகொள்வார்கள், அடைத்துவைக்க வேண்டாம் என்று காடார்டே 1928-இல் மனம் மாறி எழுதினார். சொல் அதற்குள் அவர் கையை விட்டுப் போய்விட்டிருந்தது.

விவியன் பள்ளிக்கூடம் போனாள். 1931-இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மறு வருஷம், எட்டு வயசில், நோய்கண்டு இறந்தாள்.

காரி பக் 1983 வரை உயிரோடிருந்தாள். கடைசி நாட்களிலும் தினசரிப் பத்திரிகை படிப்பாளாம். சிநேகிதி ஒருத்தியோடு உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போடுவாளாம்.