வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு

நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரிசலில் பருத்தி, ஊருக்குள் மில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. ஆகவே பஞ்சு, நூல் இவற்றின் மீது எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம் போட்டாலும் அது நம் வீட்டு அடுப்பைத் தொடும். அந்த ஒப்பந்தத்துக்கு யார் சம்மதம் வேண்டும்?

1932-இல் கனடாவின் ஒட்டாவா நகரில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சரக்குக்குச் சலுகை வரி தரும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்க்கப்பட்டது. 1936-இல் டெல்லி மத்திய சட்டசபை அதை முடித்துக்கொள்ளச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்து 1939 மார்ச்சில் புதிய இந்திய–பிரிட்டிஷ் ஒப்பந்தம். லங்காஷயர் துணிக்கு இங்கே வரிக் குறைப்பு. பதிலுக்கு அவர்கள் நம் பஞ்சை வாங்க வேண்டும். பஞ்சு விற்ற சம்சாரிக்கு அதில் ஆசை இருந்திருக்கலாம். மில்காரர்களுக்குக் கசந்தது. ராஜபாளையம் மில் தொடங்கி அப்போது மூன்று வருடம்தான். சட்டசபை ஒப்பந்தத்தை நிராகரித்தது. ஆனாலும் அது நடைமுறைக்கு வந்தது. அடிமை நாட்டின் ஓட்டுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

சுதந்திரம் வந்தபின் நிலைமை மாறியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நம் அரசியல் சாசனப்படி வெளிநாட்டு ஒப்பந்தம் பேசுவதும் கையெழுத்திடுவதும் மத்திய அரசின் அதிகாரம். பார்லிமெண்டின் முன்சம்மதம் கட்டாயமில்லை. 253-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் பார்லிமெண்ட் இயற்றலாம் என்கிறது. இறக்குமதி வரியைக் குறைக்க அதுகூட வேண்டாம். சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ஓர் அறிவிப்பு போதும். 1994 ஏப்ரலில் மொராக்கோ நாட்டு மராக்கேஷில் உலக வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. அதற்கேற்பப் பேடண்ட் சட்டத்தைத் திருத்தும் வேலை 1999, 2002, 2005 என்று இழுத்தது. கையெழுத்து முந்தி, சட்டம் பிந்தி.

அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே வெளிநாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் உரிமை காங்கிரஸ் சபைக்கு. பேச்சு நடத்தும் அதிகாரத்தை அது ஒரு தவணை வைத்து ஜனாதிபதிக்குக் கொடுத்து வந்தது; கடைசித் தவணை 2021-இல் முடிந்தது. அந்த ஏற்பாட்டில் முடிந்த ஒப்பந்தம் சபைக்கு வரும். திருத்தம் கூடாது, ஆம் அல்லது இல்லை என்று ஓட்டு. 2001 டிசம்பரில் புஷ் அரசு இந்த அதிகாரத்தைக் கேட்டபோது பிரதிநிதிகள் சபையில் கிடைத்தது 215-க்கு 214. ஒரே ஓட்டு! ஜவுளி மாநிலமான தென் கரோலினாவின் உறுப்பினர் ஒருவர், தங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பாதுகாப்பு கேட்டு வாங்கிய பிறகே ஆதரித்தார்.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு ஷரத்தையும் ஐந்நூறு பேர் திருத்துவார்கள் என்றால் எந்த நாடு நம்மோடு பேச உட்காரும்? அதற்காகத்தான் அந்த 'ஆம், இல்லை' ஏற்பாடு. பேசுகிறவர் கையும் கட்டப்படுவதில்லை, சபையின் வாயும் கட்டப்படுவதில்லை.

2025 ஜூலை 24-இல் அதே பிரிட்டனோடு நாம் மறுபடி ஒப்பந்தம் செய்தோம். இந்த முறை நம் துணிக்கு அங்கே வரி நீங்குகிறது, நல்லதுதான். ஆனால் 1939-இல் நம்மவர்கள் ஓட்டுப் போட்டார்கள், அந்நியன் மதிக்கவில்லை. இன்று நம் எம்.பி. அந்த ஒப்பந்தத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஓட்டுப் போடவேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.