மார்த்தா ஏன் சாக வேண்டும்?

ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலர் ஒரே கதையை இரண்டு முறை படமாக எடுத்திருக்கிறார். முதல் படம் 1936-இல் வந்தது, இரண்டாவது 1961-இல். இடையில் 25 வருடம். இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். என் வேலையில் தினமும் செய்வது இதுதான்: ஒரே கோப்பின் இரண்டு வடிவங்களை அருகருகே வைத்து எந்த வரி போயிருக்கிறது, எந்த வரி வந்திருக்கிறது என்று பார்ப்பது. 'டிஃப்' என்போம். போனது சிவப்பில் தெரியும், வந்தது பச்சையில் தெரியும். இந்தக் கதைக்கு அப்படி டிஃப் போட ஆரம்பித்தவன் ஹாலிவுட்டோடு நிற்க முடியவில்லை. எடின்பரோவுக்குப் போக வேண்டியிருந்தது, அங்கிருந்து யாரும் எதிர்பார்க்காத விதத்தில் இந்தியாவுக்கும்.

முதலில் கதை. கேரன், மார்த்தா என்று இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து ஒரு பெண்கள் பள்ளி நடத்துகிறார்கள். தண்டனை வாங்கிய கோபத்தில் மேரி என்ற மாணவி தன் பாட்டியிடம் போய், ரெண்டு டீச்சரும் காதலர்கள் என்று போட்டுக்கொடுக்கிறாள். பாட்டி ஊரில் பெரிய கை. அவர் சொன்னதும் பெற்றோர்கள் வரிசையாக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள், பள்ளி காலியாகிறது. டீச்சர்கள் போட்ட அவதூறு வழக்கும் தோற்கிறது. எல்லாம் முடிந்த பிறகு மார்த்தாவுக்கு ஒன்று உறைக்கிறது. அந்தப் பொய்யில் பாதி உண்மை: கேரனை அவள் அப்படித்தான் நேசித்திருக்கிறாள். அதை வாய்விட்டுச் சொல்கிறாள். சொன்ன கொஞ்ச நேரத்தில் தற்கொலை செய்துகொள்கிறாள்.

லிலியன் ஹெல்மன் இதை 'தி சில்ட்ரன்ஸ் அவர்' என்ற நாடகமாக எழுதினார். 1934 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கி 691 காட்சிகள் ஓடியது. பாஸ்டனில் தடை, சிகாகோவில் தடை, லண்டனில் பொது அரங்குகளில் போட அனுமதி இல்லை.

அதே 1934-இல்தான் ஹாலிவுட்டின் ஹேஸ் விதிகளுக்குப் பல் முளைத்தது. விதிகள் 1930-லேயே எழுதப்பட்டவை, ஆனால் நாலு வருடம் காகிதத்தில்தான் இருந்தன. 1934 ஜூலையில் ஜோசப் பிரீன் என்பவர் பொறுப்பேற்று, முத்திரை வாங்காத படத்தைப் பெரிய தியேட்டர்களில் போட முடியாது என்ற நிலையைக் கொண்டுவந்தார். 'பாலியல் விபரீதம்' என்று அவர்கள் பெயர் வைத்திருந்த எதையும் காட்டக்கூடாது, ஜாடையாகக்கூடக் காட்டக்கூடாது. ஆகவே தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ஹெல்மனின் நாடகத்தை விலைக்கு வாங்கியபோது, அதன் பெயரைப் பயன்படுத்தக்கூடாது, விளம்பரத்தில் இந்த நாடகத்திலிருந்து எடுத்தது என்று சொல்லவும்கூடாது என்றார்கள். படத்தின் பெயர் 'தீஸ் த்ரீ' ஆனது. திரைக்கதையை எழுதியதும் ஹெல்மன்தான். வதந்தி இப்போது வேறு: மார்த்தா, கேரனுக்கு நிச்சயமான ஜோ என்ற டாக்டரோடு படுத்தாள் என்பது. நாடகத்தின் விஷயம் தன்பாலீர்ப்பு அல்ல, ஒரு பொய்யின் வலிமைதான் என்பது ஹெல்மனின் கட்சி. பொய் எதுவாக இருந்தால் என்ன?

சொல்லப்போனால் இரண்டில் 1936 படம்தான் சினிமாவாக உருப்படியானது. இறுக்கமாக இருக்கும். மேரியாக வரும் போனிட்டா கிரான்வில் என்ற சிறுமி பயமுறுத்துவாள். ஆனால் டிஃப்பில் என் கண்ணில் பட்டது வேறு. இந்தப் படத்தில் மார்த்தா சாகவில்லை. பொய்யை அம்பலப்படுத்துகிறாள், கேரனை ஜோவிடம் அனுப்பிவைக்கிறாள், காதலர்கள் வியன்னாவில் சேர்கிறார்கள். மார்த்தாவிடமிருந்து அந்தக் காதலை நீக்கியதும் அவளுக்கு உயிர் திரும்பி வந்துவிடுகிறது. பொய் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்றால், ஒரு பொய்க்கு மட்டும் ஏன் சாவு?

விதி இருந்தாலும் ஜாடைகள் நிற்கவில்லை. ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) படத்தில் சேர்ந்து வாழும் இரண்டு இளைஞர்கள் விளையாட்டாக ஒரு நண்பனைக் கொல்கிறார்கள். அவர்கள் யார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொலைகாரனாக இருந்தால் உள்ளே வரலாம் என்பது எழுதப்படாத சலுகை. அந்தச் சலுகை ரொம்ப தூரம் பயணம் செய்தது. 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் அந்த இரண்டு டாக்டர் வில்லன்களுக்கு இடையிலான உறவை ஜாடை காட்டியிருப்பதும் அவர்களைக் கூடுதலாக அருவருக்க வைப்பதற்குத்தான். கதைக்கு அது எந்த விதத்திலும் தேவைப்படவில்லை.

1961 அக்டோபரில் விதி தளர்ந்தது. நிதானத்தோடும் அடக்கத்தோடும் கையாண்டால் காட்டலாம் என்றார்கள். வைலர் இந்தமுறை நாடகத்தின் பெயரிலேயே எடுத்தார். கேரன் ஆட்ரி ஹெப்பர்ன், மார்த்தா ஷெர்லி மெக்லெய்ன். 1936-இல் மார்த்தாவாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ் இதில் மார்த்தாவின் அத்தையாக வருகிறார். காதல் திரும்பி வந்தது, கூடவே சாவும் வந்தது. நாடகத்தில் துப்பாக்கி, படத்தில் தூக்கு.

இந்தப் படத்தில் எனக்கு மறக்க முடியாத இடம் காருக்குள் நடப்பது. பின்சீட்டில் மேரி பாட்டியின் காதில் ரகசியம் சொல்கிறாள். கேமரா கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். வாய் அசைகிறது, பாட்டியின் முகம் மாறுகிறது, நமக்கு ஒரு சொல்லும் கேட்பதில்லை. விதி தளர்ந்த பிறகு வெளிவந்த படத்திலும் விதி போய் உட்கார்ந்திருக்கும் இடம் அந்தக் கண்ணாடிதான். பல வருடம் கழித்து, 1995-இல் வந்த 'தி செல்லுலாய்ட் க்ளாசெட்' ஆவணப்படத்தில் மெக்லெய்ன் பேசுகிறார். இந்தப் பாத்திரங்கள் யார் என்பதைப் பற்றித் தானும் ஆட்ரியும் பேசிக்கொண்டதே இல்லை என்கிறார். இன்றைக்கு என்றால் மார்த்தா அப்படி உடைந்து அழமாட்டாள், எதிர்த்து நிற்பாள் என்கிறார். நடித்தவரே சொல்கிறார்!

சரி, அந்தக் காலம் அப்படி, வேறு வழி இல்லை என்று விட்டுவிடலாமா? விட முடியாதபடி அதே 1961-இல் பிரிட்டனிலிருந்து 'விக்டிம்' வந்தது. டிர்க் போகார்ட் நடித்த வக்கீல் பாத்திரம் தன்பாலீர்ப்புள்ளவர். இந்த ஆண்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலைப் பிடிக்க, தன் பெயர் சந்திசிரிக்கும் என்று தெரிந்தே கோர்ட்டுக்குப் போக முடிவெடுக்கிறார். அதிலும் ஒரு இளைஞன் போலீஸ் லாக்கப்பில் தூக்கு மாட்டிக்கொள்கிறான், உண்மைதான். ஆனால் அவனைக் கொன்றது எந்தச் சட்டம் என்று படம் கேட்கிறது. இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் முத்திரை கிடைக்கவில்லை. விஷயத்தை வெளிப்படையாகப் பேசுகிறது, சமூகம் இவர்களை ஏற்க வேண்டும் என்று வாதாடுகிறது என்பதுதான் ஆட்சேபம். அழுது சாகிற மார்த்தாவுக்கு முத்திரை உண்டு, வாதாடுகிற வக்கீலுக்கு இல்லை. அடுத்த வருடம் வந்த 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்' படத்தில் பழைய உறவு ஒன்றை வைத்து மிரட்டப்படும் செனட்டர் தற்கொலை செய்துகொள்கிறார். அதற்குத் தடையேதும் இல்லை.

இப்போது எடின்பரோ. ஹெல்மன் இந்தக் கதையைக் கற்பனை செய்யவில்லை. வில்லியம் ரஃப்ஹெட் என்பவர் 1930-இல் வெளியிட்ட பழைய வழக்குகளின் தொகுப்பிலிருந்து எடுத்தார். மரியான் உட்ஸ், ஜேன் பிரீ என்ற இரண்டு ஆசிரியைகள் எடின்பரோவில் பள்ளி நடத்தினார்கள். 1810-இல் ஒரு மாணவி தன் பாட்டியான டேம் ஹெலன் கம்மிங் கார்டனிடம் அந்தக் குற்றச்சாட்டைச் சொன்னாள். ஓரிரு நாளில் பள்ளி காலி. இதுவரைக்கும் நாடகமும் நிஜமும் ஒன்று.

அதற்குப் பிறகு இல்லை. இரண்டு பெண்களும் அவதூறு வழக்கு போட்டார்கள். 1811-இல் 7 நீதிபதிகளில் 4 பேர் எதிராகத் தீர்ப்பளித்தார்கள். இவர்கள் விடவில்லை. மறுவிசாரணையில், 1812-இல், 4-க்கு 3 என்று ஜெயித்தார்கள். பாட்டி லண்டனில் பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தார். 1819-இல் அதுவும் தள்ளுபடி. பள்ளியும் பிழைப்பும் போனதுதான், திரும்பி வரவில்லை. ஆனால் ஒன்பது வருடம் சண்டைபோட்டு ஜெயித்தார்கள், இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். தோல்வியும் சாவும் 1934-இல் நாடகத்துக்காகச் சேர்த்த பச்சை வரிகள்.

சிவப்பு வரி ஒன்றும் இருக்கிறது. அந்த மாணவியின் பெயர் ஜேன் கம்மிங். அவள் இந்தியாவில் பிறந்தவள். டேம் ஹெலனின் மகன் இந்தியாவுக்கு வேலைக்கு வந்தவர். ஒரு இந்தியப் பெண்ணிடம் பிறந்த குழந்தை அவள். அப்பா இறந்த பிறகு ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வழக்கில் நீதிபதிகளை உறுத்திய கேள்வி இது: ஒரு சிறுமிக்கு இந்த மாதிரி விஷயம் எப்படித் தெரியும்? லார்ட் மெடோபேங்க் என்ற நீதிபதிக்குப் பதில் எளிதாகக் கிடைத்தது. பிரிட்டிஷ் பெண்களிடம் இப்படி ஒன்று கிடையவே கிடையாது, இந்தியாவில் வேலைக்காரிகளிடமிருந்து கேட்டுவந்திருப்பாள். ஆசிரியைகளைக் காப்பாற்றிய வாதங்களில் இது ஒன்று. அதாவது அவர்கள் ஜெயித்ததில் ஒரு பங்கு அந்தக் கலப்பினச் சிறுமியின் முதுகில் ஏறித்தான்.

இதைப் படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. 1998 டிசம்பரில், தீபா மேத்தாவின் 'ஃபயர்' ஓடிய மும்பைத் தியேட்டர்களை சிவசேனாக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். இரண்டு பெண்கள் நேசித்துக்கொள்வது நம்ம கலாச்சாரத்தில் கிடையாது, மேற்கிலிருந்து வந்த சமாச்சாரம் என்றார்கள். ஸ்காட்லாந்து நீதிபதி இந்தியாவைக் கைகாட்டினார், இவர்கள் அந்தப் பக்கம் கைகாட்டினார்கள். நடுவே 1860-இல் பிரிட்டிஷார் இங்கே எழுதிவைத்த 377-ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தவர்களை விட்டு விலக 2018 செப்டம்பர் ஆகிவிட்டது. 'ஃபயர்' படத்தில் ராதாவின் புடவையில் தீப்பிடிக்கிறது. வைலர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே முடிவு தெரிந்துவிடும். ஆனால் ராதா சாகவில்லை. தீயிலிருந்து பிழைத்து சீதாவிடம் வந்துசேர்கிறாள்.

ஹெல்மன் நாடகத்தில் அந்தச் சிறுமி மேரி டில்ஃபோர்ட் என்ற அமெரிக்கப் பெண்ணாகிவிட்டாள், இரண்டு படங்களிலும் அப்படியே. இந்தியா சுத்தமாகப் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு 1936 படத்தின் நடிகர் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். கேரனாக நடித்தவர் மெர்ல் ஓபரான். பம்பாயில் பிறந்தவர், அவரை வளர்த்தவர் சிலோனிலிருந்து வந்த பெண்மணி. ஹாலிவுட்டில் அது தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்பதால், பிறந்தது டாஸ்மேனியாவில் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். காதலை மறைத்து எடுத்த படத்தில், அந்தச் சிறுமி பிறந்த நாட்டிலேயே பிறந்து அதை மறைத்த ஒருத்தி கதாநாயகி.

எனக்கு மூன்றாவதாக ஒரு படம் பார்க்க ஆசை. அதில் எடின்பரோ இருக்க வேண்டும், ஏழு நீதிபதிகள் இருக்க வேண்டும், ஜேன் கம்மிங்குக்கு அவள் நிறமும் அவள் பக்க நியாயமும் இருக்க வேண்டும். காரில் அந்தக் கண்ணாடித் தடுப்பு வேண்டாம். கடைசிக் காட்சி 1819, லண்டனிலிருந்து தீர்ப்புச் செய்தி வந்துசேரும் நாள்.