தங்கவயல் வழியாக வந்த பெயர்

1988-இல் சும்பவம்பா என்ற இங்கிலாந்து பங்க் குழு, கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு வெறும் குரலில் ஓர் ஆல்பம் பாடியது. 1381 உழவர் எழுச்சி முதல் முதல் உலகப்போர் வரையிலான கலகப் பாடல்கள் அதில் உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், நெசவாளர்கள், வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் எல்லாரும் வருகிறார்கள். பள்ளிப் பாடத்தில் ராஜாக்கள் படித்த பிள்ளைகளுக்கு இது வேறொரு பாடம்.

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இருக்கிறது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும், ராப், ராக்கோடு ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீட்டையும் ஆணவக் கொலையையும் பாடினார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். அந்தப் பெயர் வந்த வழிதான் அதிகம் பேசப்படுவதில்லை.

சாதியற்றவர் என்ற அடையாளத்தை அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்தார்கள். அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வாங்கிப் படித்தவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே எல்லை தாண்டினால் தங்கவயல்தான். ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் அங்கே சுரங்கத்தைக் கையில் எடுத்தது. வடஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களின் சேரிகளிலிருந்து நம் ஜனங்கள் போனார்கள். கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாதான். துரைமாருக்குப் பங்களாவும் கிளப்பும். இவர்களுக்குத் தட்டிக் குடிசை. பாறை வெடித்துச் சரிந்தால் உள்ளேயே சமாதி.

அப்படிப்பட்ட மக்கள்தான் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வைத்தார்கள். பண்டிதர் 1914-இல் இறந்தபின் அவர் எழுத்துகளை அச்சிட்டுக் காத்தது சாம்பியன் ரீஃப்பின் சித்தார்த்தா புத்தகசாலை. 1926-இல் 'தமிழன்' மறுபடி வந்ததும் தங்கவயலிலிருந்தே, அப்பாதுரையார் முயற்சியில். 1930-இல் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டபோது, 'நாங்கள் என்ன குற்றவாளிகளா' என்று வேலைநிறுத்தமும் செய்தார்கள். கூலிக்காரனுக்குச் சித்தாந்தம் எதற்கு என்று இன்றும் கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

ஓசூர் சிப்காட்டின் கதை இன்னும் எந்த ஆல்பத்திலும் இல்லை. ஷிப்ட் முடிந்து அறை தேடும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் வீட்டுக்காரர் முதலில் ஊர் கேட்பார், அப்புறம் தெரு கேட்பார். எதற்கென்று நமக்குத் தெரியும். இதைப் பாடக் கானா போதும், ஆனால் பாட்டுக்குச் சாட்சி வேண்டும். அறிவு 'எஞ்சாய் எஞ்சாமி'க்குத் தன் பாட்டியின் இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதையைத்தான் எடுத்தார். நம் ஊர்களிலும் தாத்தா தங்கவயலுக்குப் போனவர் என்று சொல்லும் வீடுகள் உண்டு. போய்க் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.