நான்காம் கூறு

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று வகுத்தார் திருவள்ளுவர். அந்த நான்காம் கூறின் ஆற்றலை உலகறியச் செய்த பெருமை சென்னை மாநகருக்கு உண்டு.

முன்னாளில் காசநோய் கண்டவருக்கு வீட்டில் இடமில்லை. நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமிக்க உணவுமே மருந்தென்று கருதி, அவரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். டாக்டர் சௌரி முத்து 1928 இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தில் நிலைத்திருக்கிறது. ஆயினும் நோயாளிகள் பலர்; படுக்கைகளோ சில.

இந்நிலையில், 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கின. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். வீட்டிலிருந்தோர் உண்ட உணவு எளியது. பெற்ற ஓய்வும் குறைவு. எனினும் 1959 இல் வெளியான முடிவு வியப்பளித்தது. நோய் அடங்கியவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வீட்டில் உடனிருந்த உறவினருக்கும், சானடோரியம் சென்றவரின் உறவினரைவிடக் கூடுதலாக நோய் பற்றவில்லை. குணமளித்தது இடமன்று, தவறாது உட்கொண்ட மருந்தே என்பது தெளிவாயிற்று.

நோயைக் கண்டறிவதெங்ஙனம்? கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் நடந்து, 1963 இல் வெளியான ஆய்வு இதற்கு வழிகாட்டியது. நோய்க்குறி உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர்; ஆனால் சளியைச் சோதிக்காமல், இருமல் மருந்து கொடுத்தே அவர்களை அனுப்பிவிட்டனர்! சிறு மருத்துவ நிலையத்திலும் சளியை நுண்ணோக்கியில் காணுதல், வீட்டிலேயே மருந்துண்ணல் ஆகிய இரண்டும் 1962 இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தின் அடிப்படைகளாயின.

பிழைப்புக்காக வெளியூர் வந்து, சிறு வாடகை வீடுகளில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. வீட்டுக்காரர் அறிவார் என்றும், பெண்ணின் திருமணம் தடைப்படும் என்றும் அஞ்சி இருமலை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான காசநோய்க்கு ஆறு திங்கள் மருந்து போதும். ஆனால் சற்றுத் தேறியதும் நிறுத்தலாகாது. நோயுற்றவரை ஊருக்கு அனுப்பி ஒதுக்காமல், நாள்தோறும் மருந்தை எடுத்துக் கொடுக்கும் கையாக இருப்பதே உறவினரின் கடமை. வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அதுவே.