நீரிணைக்கு அப்பால் ஒரு ருத்ர முழக்கம்



ராக் இசை வரலாற்றைக் கொண்டாடுவோர்க்கு 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 13 மறக்கவியலாத நாள். 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்த வெள்ளிக்கிழமை அது. மெட்டல் இசையின் பிறந்தநாளாகவே பலர் அதனைக் கருதுகின்றனர். அக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்காம் நகரில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். பதினேழாம் வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்துவது அந்த வலக்கையே. நெகிழியை உருக்கி விரலுறை செய்துகொண்டார்; பின்னாளில் வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தி தாழ்ந்த, கனத்த ஒலியை எழுப்பியது. பாசீர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் ஆள் அனுப்பும் மாசாய் மக்களுக்கு இக்கதையை விளக்கவும் வேண்டுமோ?

இந்த நாள்காட்டியில் நம்மவர்க்கும் ஓர் ஆண்டு உண்டு. 1992இல், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் இந்திய இளைஞர்கள் சிலர் 'ருத்ரா' என்னும் குழுவைத் தொடங்கினர். கதிர் பாடி, பேஸ் கித்தாரும் வாசித்தார், சிவா முரசறைந்தார். முதல் தொகுப்பு 1998இல் வந்தது. 2003இல் 'குருக்ஷேத்ரா', 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற மூன்று தொகுப்புகள். உபநிடதக் கருத்துகளையும் மந்திர ஓதலையும் உறுமும் குரலோடு இணைத்துத் தம் இசைக்கு 'வேத மெட்டல்' என்று பெயரிட்டனர். சிங்கப்பூரில் ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த யூஜின் டைரியநாதன் இவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளே எழுதியுள்ளார். (தேவாரத்தையும் திருப்புகழையும் எடுத்திருக்கலாகாதா என்ற மனக்குறை எனக்குண்டு. அது வேறு வழக்கு.)

நம் நாட்டில் அக்காலம் வேறுவிதமாகக் கழிந்தது. 2001இல் மாணவரிடையே 'பிளாக் மெட்டல்' பரவுவதாக நாளேடுகளில் அச்சம் மூண்டது. 2005ஆம் ஆண்டின் இறுதி இரவில் கோலாலம்பூரில் ஓர் இசைநிகழ்ச்சியைக் காவல்துறை சுற்றிவளைத்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட இளையோர் தடுத்து வைக்கப்பட்டனர். 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டலை விலக்கப்பட்டதென அறிவித்தது. அத்தீர்ப்பு முஸ்லிம்களுக்குரியது, அச்சமோ எல்லார் வீட்டிலும் புகுந்தது.

அவ்வாண்டு என் முன்னாள் மாணவனொருவனின் தாயார் அவனுடைய கறுப்புச் சட்டையைக் கையிலேந்தி என்னிடம் வந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே, "எரித்துவிடுங்கள், அம்மா" என்றேன். அவன் எந்த இசையைக் கேட்கிறான், அதில் எதனைக் கண்டான் என ஒரு சொல்லும் நான் வினவவில்லை. அதன்பின் அவன் என்னைக் கண்டால் வணங்குவதையும் நிறுத்திக்கொண்டான்.

ருத்ராவின் முப்பதாம் ஆண்டான 2022இல் அவனே 'பிரம்மவித்யா' குறுந்தட்டொன்றைக் கொணர்ந்து தந்தான். முழுதும் கேட்டேன். இரைச்சல் என் செவிக்குப் பழகவில்லை. ஆயினும் ஆன்மாவைப் பற்றிய அந்த வினாக்கள் எனக்குப் புதியனவல்ல. மறுவாரம் அவனைச் சந்தித்து, அன்றைய என் சொல்லுக்காக வருந்துவதாகக் கூறினேன்.

"அம்மா எரிக்கல, சார். அந்தச் சட்டைய மோட்டார் துடைக்க வெச்சிருந்தாங்க" என்றான்.