புதைக்கப் போன பிள்ளை கையில் பூ

கியோட்டோவில் ஜூலை மாசம் முழுக்க கியோன் திருவிழாதான். கி.பி. 869-ல கொள்ளைநோய் தணியணும்னு 66 ஈட்டிகளை நட்டு வழிபட்டதுல தொடங்கினதுன்னு அதோட வரலாறு சொல்லுது. இப்ப 17-ஆம் தேதி 23 தேர், 24-ஆம் தேதி 11 தேர் வலம் வருது. ஒவ்வொரு தேரும் ஒரு தெருக்காரங்களோட சொத்து. பராமரிப்பு அவங்க பொறுப்பு.

17-ஆம் தேதி வர்றதுல ஒண்ணு 'காக்கியோ யாமா'. சீனத்து 'இருபத்துநாலு நன்மக்கள்' கதைகள்ல வர்ற குவோ ஜுவைத்தான் ஜப்பான்காரங்க காக்கியோன்னு சொல்றாங்க.

கதை இதுதான். வீட்டில் கொடிய வறுமை. கிழவி தன் பங்குச் சோற்றை மூணு வயசுப் பேரனுக்கு ஊட்டிட்டுத் தான் பட்டினி கிடக்கிறாள். குவோ ஜு மனைவிகிட்ட சொல்றான்: பிள்ளை இன்னொண்ணு பிறக்கும், அம்மா மறுபடி கிடைப்பாளா? பிள்ளையைப் புதைக்கக் குழி வெட்டுறான். மண்ணுக்குள்ளே ஒரு பானைத் தங்கம்! அவனுக்கு வானம் கொடுத்ததுன்னு அதில் எழுதியிருக்கு. பிள்ளை பிழைச்சுது.

படிச்சதும் 'ஆஹா, என்ன தாய்ப்பாசம்'னு தோணுதா? எனக்கு அந்தப் பிள்ளை நினைப்புதான் வந்தது. சீன எழுத்தாளர் லூ சுன்னுக்கும் அப்படித்தான். சின்ன வயசுல இந்தக் கதைப் படத்தைப் பார்த்து மிரண்டதை 1926-ல எழுதின கட்டுரையில் சொல்றார். அப்பா நல்ல மகனாகணும்னு கிளம்பிட்டா, குழிக்குள்ளே போறது நாமதானே? வீட்டில் பணக்கஷ்டம்னு பேச்சு வந்தாலே பயமாம். நரைச்ச தலையோட பாட்டியைப் பார்த்தாலும் பயமாம்!

கியோட்டோ தெருக்காரங்க இந்தக் கதையில் எந்த நொடியைத் தேர்ல வெச்சாங்க தெரியுமா? குழி வெட்டுற நொடியை இல்லை. தங்கம் கிடைச்சதுக்கு அப்புறம் வர்ற நொடியை. 1789-ல செஞ்ச பொம்மைகள் இவை. அப்பன் கையில் மண்வெட்டி, பிள்ளை கையில் பியோனிப் பூ. மற்ற யாமாக்கள்ல காணாத ஒரு கூரை வேற, வெயில் படாம. தேரைச் சுத்தித் தொங்குற திரைகளுக்கு 20-ஆம் நூற்றாண்டு ஓவியர் உவேமுரா ஷோகோ படம் வரைஞ்சிருக்கார்.

இந்தத் தேர்க்காரங்க தர்ற தாயத்து எதுக்குன்னு நினைக்கிறீங்க? பணம் சேர ஒண்ணு. அது சரி, தங்கப்பானை கதையாச்சே. இன்னொண்ணு, தாய்ப்பால் நல்லா சுரக்க!

பாட்டி பட்டினிக்குப் பேரனைக் கேட்ட கதை, இந்தத் தெருவில் பிள்ளைக்குப் பால் கேட்கிற வேண்டுதலாகிடுச்சு. கதையை யாரும் திருத்தி எழுதலை. எந்த நொடியைத் தூக்கிச் சுமக்கணும்னு மட்டும் முடிவு பண்ணியிருக்காங்க.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?